சாப்பிட்ட பின் பத்து நிமிட நடை: சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சர்க்கரை நோய் இருப்பதாக மருத்துவர் சொல்லும் அன்றைக்கே, "தினமும் நடங்க" என்ற அறிவுரையும் மருந்துச் சீட்டோடு சேர்ந்து வந்துவிடுகிறது. ஆனால் எப்போது நடப்பது, எவ்வளவு நேரம் நடப்பது, எந்த வேகத்தில் நடப்பது, காலில் எதைப் போட்டுக்கொள்வது, எந்த நாளில் நடக்காமல் இருப்பது என்பவற்றையெல்லாம் விளக்கிச் சொல்ல, வாசலில் நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு நேரம் வாய்ப்பதில்லை. கேட்டுக்கொண்டவரும், விடியற்காலையில் எழுந்து ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்று தாமாகவே பொருள் கொண்டு, புது ஷூ வாங்கி, இரண்டு வாரம் நடந்து, அடைமழையோ ஊர்த் திருவிழாவோ குறுக்கிட்டதும் விட்டுவிடுகிறார். என் அம்மாவும் அப்படித்தான் இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் விட்டார். மூன்றாம் முறை அவர் காலை நடையை மறந்துவிட்டு, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடக்கத் தொடங்கினார்; அது இன்று ஆறாவது ஆண்டாகத் தொடர்கிறது. அந்த முறையையும், அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களையும், நடக்கும் முன் கவனித்தே ஆக வேண்டியவற்றையும் இங்கே எழுதுகிறேன். வகை 2 சர்க்கரை நோய் உள்ளவர்களையும், அதன் எல்லையில் நிற்பவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வகை 1 (உடலில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்காத நிலை) உள்ளவர்கள் இன்சுலின் அளவை நடையோடு எப்படிப் பொருத்திக்கொள்வது என்பதைத் தம் மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

நடந்தால் சர்க்கரை ஏன் இறங்குகிறது

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் தோசையும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தக் குளுக்கோஸ் தசைக்குள் நுழைய வேண்டுமானால் இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். வகை 2 நோயில் இன்சுலின் சுரந்தாலும் கதவு எளிதில் திறப்பதில்லை. சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கி நிற்கிறது. ஆனால் தசை சுருங்கி விரியும்போது வேறொன்று நடக்கிறது: குளுக்கோஸை உள்ளே ஏற்றிச் செல்லும் குளூட்-4 என்னும் புரதம், இன்சுலினின் உத்தரவுக்குக் காத்திராமல் தசைச் செல்லின் விளிம்புக்கு வந்துவிடுகிறது. இன்சுலினுக்குத் திறக்காத கதவு, நடைக்குத் திறக்கிறது. உடலிலேயே பெரிய தசைகள் தொடையிலும் புட்டத்திலும் இருப்பதால், அவற்றை இயக்கும் நடை நிறையச் சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கிறது.

நடந்து முடித்த பிறகும் இது நின்றுவிடுவதில்லை. செலவழித்த இருப்பை நிரப்பிக்கொள்ளத் தசைகள் தொடர்ந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன. இன்சுலினுக்கு அவை பணிந்து நடக்கும் தன்மையும் ஏறத்தாழ 24 முதல் 48 மணி நேரம் வரை மேம்பட்டிருக்கிறது. அதன் பிறகு பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆகவேதான் தொடர்ச்சியாக இரண்டு நாளுக்கு மேல் நடையை விடக் கூடாது என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பவரைவிட, தினமும் இருபது நிமிடம் நடப்பவருக்குச் சர்க்கரை கட்டுப்படுவதன் காரணமும் இதுவே.

இந்தப் பேச்சுக்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-ஆம் ஆண்டு வெளிவந்தன. சர்க்கரை நோயின் எல்லையில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும் தரப்பட்டது. மற்றொரு பிரிவுக்கு உணவுக் கட்டுப்பாடும், உடலுழைப்பு இல்லாதவர்களுக்குத் தினமும் குறைந்தது 30 நிமிட விறுவிறுப்பான நடையும் சொல்லித் தரப்பட்டன. மூன்றாண்டுகளில் முதல் பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு முழு நோய் வந்துவிட்டது. நடையும் உணவும் மாற்றிக்கொண்ட பிரிவில் அது 39.3 விழுக்காடு. மெட்ஃபார்மின் மாத்திரை பெற்ற பிரிவினருக்குக் கிடைத்த பாதுகாப்பும் ஏறக்குறைய இதே அளவுதான். இந்த மாற்றங்கள் எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை என்பதையும் இந்த எண்கள் மறைக்கவில்லை. ஆனால் நடையும் உணவுக் கட்டுப்பாடும் சேர்ந்து ஒரு மாத்திரைக்கு நிகராக நின்றிருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி; எல்லையில் நிற்பவர்கள் அதற்கும் மேலாக 13.6 கோடி. இந்த இரண்டாவது கூட்டத்தினர்தான் இன்றைக்கே நடக்கத் தொடங்க வேண்டியவர்கள்.

இரத்த அழுத்தம் சற்றுத் தணிவதும், டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு குறைவதும், இரவில் தூக்கம் நன்றாக வருவதும் நடையோடு கூடவே வரும் பலன்கள். நான் இங்கே சர்க்கரையோடு நின்றுகொள்கிறேன்.

எப்போது நடப்பது

காலையில் வெறும் வயிற்றில் நடப்பதுதான் நடை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. காலை நடையில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நம் இரத்தத்தில் சர்க்கரை உச்சத்துக்கு ஏறுவது, சாப்பிடத் தொடங்கி ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள். சோறும் டிபனுமாக மாவுச்சத்தையே நம்பி வாழும் நமக்கு அந்த ஏற்றம் இன்னும் செங்குத்தானது. அந்த உச்சத்தை வெட்டுவதற்கு, அது ஏறிக்கொண்டிருக்கும்போதே தசையை இயக்க வேண்டும்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்துப் பார்த்தது. வகை 2 நோய் உள்ள 41 பேர், இரண்டு வாரம் தினமும் தமக்கு வசதியான நேரத்தில் 30 நிமிடம் ஒரே மூச்சாக நடந்தார்கள். இன்னொரு இரண்டு வாரம் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடமாக நடந்தார்கள். நடந்த நேரம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் உணவுக்குப் பின் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 12 விழுக்காடு குறைவாக இருந்தது. இரவு உணவை மட்டும் தனியாகப் பார்த்தால் 22 விழுக்காடு குறைவு. இரவில்தான் நாம் அதிகம் சாப்பிடுகிறோம், சாப்பிட்டதும் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறோம் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

நான் இதை வீட்டிலேயே பார்த்தேன். அம்மாவுக்கு இரவு எட்டரை மணிக்கு மூன்று தோசையும் தேங்காய்ச் சட்னியும்தான் வழக்கம். ஐந்து இரவுகள் சாப்பிட்டவுடன் தொலைக்காட்சி முன் உட்காரச் சொல்லியும், ஐந்து இரவுகள் தெருவில் பன்னிரண்டு நிமிடம் என்னோடு நடக்க வைத்தும், பத்து மணிக்கு விரல் நுனியில் குத்திப் பார்த்தோம். உட்கார்ந்த இரவுகளில் எண் 210-ஐ ஒட்டியே நின்றது. நடந்த இரவுகளில் 170-ஐ ஒட்டி நின்றது. குளுக்கோமீட்டர் 15 விழுக்காடு வரை ஏற்றியோ இறக்கியோ காட்டக்கூடிய கருவி என்பதால், ஓர் இரவின் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்துவிடக் கூடாது. ஆனால் ஐந்து இரவுகளும் ஒரே பக்கம் சாய்ந்ததைத் தம் கண்ணால் பார்த்த பிறகு, அம்மாவை நடக்கச் சொல்லி ஒருநாளும் நான் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். அறிவுரையைவிட அந்தச் சிறிய திரையில் தெரியும் எண் நன்றாகப் பேசும்.

உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். அந்தக் களைப்பு வந்து கவியும் முன்பே எழுந்துவிடுவதுதான் இதில் உள்ள ஒரே சூட்சுமம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் பாத்திரங்களை எடுத்து வைத்துவிட்டு, பதினைந்து நிமிடத்துக்குள் நடக்கத் தொடங்கிவிட வேண்டும். நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் எழுவது கடினம். வயிறு நிறைந்திருக்கும்போது வேகம் வேண்டாம், சாதாரண நடையே போதும். மதியம் அலுவலகத்தில் இருப்பவர்கள், சாப்பிட்டதும் மாடிப்படி இறங்கி வளாகத்தை இரண்டு சுற்று சுற்றி வரலாம். மழை நாளில் நடைகூடத்திலேயே நடக்கலாம். மூன்று வேளையும் முடியாதவர்கள் இரவு வேளையை மட்டுமாவது விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

காலை நடை பழகியவர்கள் அதை விட வேண்டியதில்லை. ஆனால் நடந்து முடித்த கையோடு பூங்கா வாசலில் நின்று வடையும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிடும் வழக்கத்தை மட்டும் விட வேண்டும். அரைமணி நேர நடையில் செலவாவது ஏறக்குறைய 100 முதல் 150 கலோரி. அந்த ஒரு வடையும் ஒரு காபியும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். அங்கேயே விற்கும் அருகம்புல் சாறும் பாகற்காய்ச் சாறும் மாத்திரைக்கு மாற்று என்று எண்ணி மருந்தை நிறுத்துபவர்களை நான் அறிவேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எவ்வளவு, எந்த வேகத்தில்

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம் தேவை. வேளைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று வேளை, வாரத்தில் ஐந்து நாள் என்று கணக்கிட்டால் 150 நிமிடம் சரியாக வந்துவிடுகிறது. மிதமான வேகம் என்பதை அறியக் கருவி ஏதும் வேண்டாம்: நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. எண்ணிப் பார்க்க விரும்பினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 காலடி.

பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று அலைபேசி நச்சரிப்பதைக் கண்டு சோர்ந்துபோக வேண்டாம். அந்த எண் ஆய்வகத்தில் பிறந்தது அன்று. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு "பத்தாயிரம் அடி மீட்டர்" என்று பெயர் வைத்தார்கள், அது அப்படியே உலகம் முழுவதும் பரவிவிட்டது. 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, சராசரி வயது 72 ஆன ஏறத்தாழ 17,000 பெண்களைப் பார்த்தது. நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்ததும், 7,500 அடி அளவில் அந்தப் பலன் மேலும் கூடாமல் சமநிலைக்கு வந்ததும் அதில் தெரிந்தன. நாளைக்கு மூவாயிரம் அடி நடக்கும் ஒரு பாட்டிக்கு இன்னும் ஆயிரத்தைந்நூறு அடி கூட்டிக்கொள்வதுதான் இலக்கு.

நெடுநாளாக நடக்காதவர்கள், முதல் வாரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்தே நிமிடம் நடந்தால் போதும். அடுத்த வாரம் அதைப் பத்தாக்கி, மூன்றாம் வாரம் காலை உணவுக்குப் பிறகும் ஐந்து நிமிடம் சேர்த்து, இரண்டு மாதத்தில் மூன்று வேளையும் பத்து நிமிடம் என்ற நிலைக்கு வந்து சேரலாம். வேகத்தை அதற்குப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கும் இந்தத் துண்டு நடை பொருந்துகிறது. முப்பது நிமிடம் தாங்காத மூட்டு பத்து நிமிடம் தாங்கும். அவர்கள் ஏற்ற இறக்கம் இல்லாத சமதரையைத் தேர்ந்துகொள்வதும், நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்கும் பயிற்சியைப் பத்துப் பத்து முறை செய்து தொடைத்தசையை வலுவாக்கிக்கொள்வதும் நல்லது.

தெருவில் நடக்க முடியாதவர்கள் நம் ஊரில் மிகுதி. பெயர்ந்த நடைபாதைக் கல், விளக்கில்லாத சந்து, துரத்தும் நாய், இரவில் தனியாகச் செல்லத் தயங்கும் பெண்கள் என்று காரணங்கள் எல்லாமே நியாயமானவை. அவர்களுக்கு மொட்டைமாடி இருக்கிறது. முப்பதடி நீளமும் இருபதடி அகலமும் உள்ள மாடியை ஓரமாக ஒருமுறை சுற்றினால் 100 அடித் தொலைவு, அதாவது ஏறத்தாழ 30 மீட்டர். பத்து நிமிடத்தில் இருபது, இருபத்திரண்டு சுற்று வரும். பாதியில் திசையை மாற்றிச் சுற்றினால் ஒரு பக்கக் காலுக்கே திருப்பத்தின் சுமை விழாது. மாடியும் இல்லாதவர்கள் வீட்டுக் கூடத்தில் எட்டுப் போட்டு நடக்கலாம். எட்டு வடிவத்துக்கென்று தனி மருத்துவ மகிமை இருப்பதாக நான் எண்ணவில்லை. குறுகிய இடத்தில் நிற்காமல் நடக்க அது வசதியானது, அவ்வளவே.

பாதத்தைப் பார்த்த பிறகு நடை

இந்தக் கட்டுரையில் மற்றவற்றை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் பதினெட்டு ஆண்டுகள் இருந்தது. ஒருநாள் மாலை அவர் நடந்துவிட்டு வந்து திண்ணையருகே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சிறிது நேரம் கழித்துக் கூடத்தைப் பெருக்க வந்த அம்மா, மொசைக் தரையில் வாசலிலிருந்து அடுக்களை வரை ஒரே இடைவெளியில் ஐந்தாறு சிவப்புப் பொட்டுகள் வரிசையாக இருப்பதைப் பார்த்தார். அப்பாவின் இடது குதிகாலில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. செருப்பைத் தூக்கிப் பார்த்தால், அடிப்புறம் ஏறிய அரை அங்குல ஆணி உட்புறம் நுனி காட்டி நின்றது. காலையிலிருந்து அதே செருப்போடுதான் அவர் கடைக்கும் வங்கிக்கும் போய் வந்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று.

பல ஆண்டுகள் சர்க்கரை மிகுந்திருந்தால் கால் நரம்புகள் பழுதடைகின்றன. எரிச்சலும் மதமதப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் சிலருக்கு வரும். வேறு சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் உணர்ச்சி மட்டும் மெல்லப் போய்விடும். வலி தெரியாத கால் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாத கால்.

உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க எளிய முறை ஒன்று உண்டு. நோயாளியைப் படுக்க வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால், அழுத்தாமல், தட்டாமல், அவருடைய கால் விரல் நுனியை ஓரிரு நொடி மட்டும் தொடுங்கள். இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என்று மொத்தம் ஆறு இடங்கள். தொட்டது தெரிந்ததும் வலதா இடதா என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். நடையைக் கூட்டும் முன் பாதத்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்த்து உறுதி செய்வார்.

தினமும் இரவு படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் மேல் பாதத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கலாம். கண் பார்வை மங்கியவர்களுக்கு வீட்டார் யாரேனும் பார்த்துச் சொல்ல வேண்டும். சிவந்த தடம், கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம், ஒரு காலில் மட்டும் சூடு அல்லது வீக்கம் என்று எது தெரிந்தாலும் மறுநாள் நடை வேண்டாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். கழுவிய பாதத்தில் விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம். கால் ஆணியை பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் கார்ன் கேப் (கால் ஆணி மேல் ஒட்டும் மருந்துப் பட்டை) ஒட்டுவதும், வலிக்கிறது என்று வெந்நீரில் காலை முக்குவதும் உணர்ச்சி குறைந்த காலுக்கு ஆபத்து.

ஷூ வாங்குவதானால் மாலையில் செல்லுங்கள்; பகல் முழுவதும் நின்று நடந்து பாதம் சற்றுப் பருத்திருக்கும் நேரம் அதுதான். இரண்டு கால்களிலும் போட்டு, நின்று பார்த்து, மிக நீண்ட விரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்கிறதா என்றும், விரல்கள் பக்கவாட்டில் நெருக்கப்படாமல் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். புது ஷூவில் முதல் நாளே நெடுந்தூரம் நடக்கக் கூடாது. அரைமணி நேரம் போட்டுக் கழற்றி, பாதத்தில் சிவப்பு விழுந்திருக்கிறதா என்று பார்த்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்ட வேண்டும். வெள்ளைப் பருத்திக் காலுறை நல்லது, கசிவு ஏதும் இருந்தால் அதில் உடனே தெரியும். உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எம்சிஆர் என்னும் மென்மையான ரப்பர் அடியுள்ள செருப்பு, குதிகாலைப் பின்வாருடன் சேர்த்துக் கட்டும் வகையில், மருத்துவமனைகளின் கால் பராமரிப்புப் பிரிவுகளில் அளவெடுத்துத் தருகிறார்கள். எதைப் போட்டாலும், போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு அந்த ஒரு பழக்கம் இருந்திருந்தால் நான்கு மாத வேதனை இருந்திருக்காது.

வெறுங்காலோடு நடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூங்காக்களில் கூழாங்கல் பதித்த பாதை போட்டு, வெறுங்காலோடு நடந்தால் நல்லது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உணர்ச்சி குறைந்தவர்கள் அதில் கால் வைக்கவே கூடாது. நண்பகலில் கோயில் பிரகாரத்துக் கருங்கல்லில் நடந்து, சுட்டதே தெரியாமல் உள்ளங்கால் கொப்பளித்து வந்தவர்கள் உண்டு. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பழனிக்குப் பாதயாத்திரை போவோர் நாள்கணக்கில் நடக்கிறார்கள். பக்தியில் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் மரத்துப்போன காலோடு இந்த நடைகளை மேற்கொள்வோர், தடித்த காலுறையாவது அணிந்து, வெயில் ஏறும் முன் முடித்து, மணிக்கொரு முறை உட்கார்ந்து பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே புண் உள்ளவர்கள் அந்த ஆண்டு போகாமல் இருப்பதே நல்லது.

சட்டைப் பையில் சர்க்கரை

சர்க்கரை கூடுவதற்கு அஞ்சும் நாம், நடக்கும்போது அது ஒரேயடியாக இறங்கிவிடலாம் என்பதை மறந்துவிடுகிறோம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் இருக்கிறது. மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் நெடுநேரம் நடப்பதுதான் இவர்களுக்கு மிகவும் ஆபத்தான பழக்கம். சாப்பிட்ட பின் நடப்பதில் அந்த ஆபத்து குறைவு என்பது இந்த முறைக்கு இன்னொரு நியாயம். நடக்கும் முன் அளவு 100-க்குக் கீழே இருந்தால் ஏதேனும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். நடக்கப்போகும் நேரத்தில் இன்சுலினைத் தொடையில் போட்டால் அது வேகமாக உறிஞ்சப்படும். வயிற்றில் போடுவது நல்லது.

நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, கண் இருட்டுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை சர்க்கரை தாழ்ந்துவிட்டதன் அடையாளங்கள். இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்குப் படபடப்பு தெரியாமல் போகலாம், வியர்வை தெரியும். உடனே உட்கார்ந்து, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ குளுக்கோஸ் தூளோ, ஏறக்குறைய 15 கிராம், தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் அது மெதுவாகவே ஏறும், அதை நம்ப வேண்டாம். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்து, இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் அதே அளவு மீண்டும் எடுத்து, சரியான பிறகு இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். சட்டைப் பையிலோ கைப்பையிலோ ஒரு சிறு பொட்டலம் சர்க்கரையும், பெயர், எடுக்கும் மருந்துகள், வீட்டு எண் எழுதிய சீட்டும் நடக்கும்போதெல்லாம் இருக்கட்டும்.

காய்ச்சல், வாந்தி உள்ள நாளிலும், சர்க்கரை 250-ஐத் தாண்டி உடல் சோர்ந்திருக்கும் நாளிலும் நடக்க வேண்டாம். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியில்லாமல் மூச்சிரைப்பும் வியர்வையுமாக மட்டும் வருவதுண்டு என்பதால் இதைக் களைப்பு என்று ஒதுக்கக் கூடாது. சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நின்றால் விட்டுவிடுகிறதென்றால் கால் இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். இதய நோய் இருந்தவர்களும், விழித்திரை பாதிப்புக்குச் சிகிச்சை பெறுபவர்களும், தொடங்கும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அக்னி நட்சத்திர நாள்களில் பகல் உணவுக்குப் பின் வெளியே போகாமல் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே நடந்தால் போதும். கிளம்பும் முன் ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட வேண்டும்.

நோட்டுப் புத்தகம்

அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் நாளுக்கு ஒரு வரி எழுதுகிறார்: தேதி, எந்தெந்த வேளை நடந்தார், எத்தனை நிமிடம், கால் பார்த்தாயிற்றா, வாரம் இருமுறை எடுக்கும் சர்க்கரை அளவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அந்த மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்குப் போகும்போது அந்த நோட்டை மருத்துவர் முன் விரித்து வைக்கிறார். நடை நிலைபெற்றபின் பழைய மாத்திரை அளவே தொடர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். குறைப்பதா வேண்டாமா என்பதை நாமே முடிவு செய்யாமல், மருத்துவர் முடிவு செய்வதற்கு அந்த வரிகள் தேவைப்படுகின்றன. இரண்டாம் ஆண்டில் அம்மாவின் இரவு மாத்திரை பாதியானது அப்படித்தான். நோட்டின் கடைசிப் பக்கத்தில், அடுத்த முறை கேட்க வேண்டிய கேள்விகளை அவர் பென்சிலால் எழுதி வைக்கிறார். இந்த மாதம் அங்கே இருப்பது ஒன்றே ஒன்று: இடது சுண்டுவிரலில் ஷூ உரசுகிறது, ஒரு அளவு பெரிதாக வாங்கலாமா?